பெரியவர் வரும் நேரம்

பேகம்பூர், திண்டுக்கல்
12.7.2021

மதிப்பிற்குரிய கௌசல்யா மேடம் அவர்களுக்கு,

நஸீரா எழுதுகிறேன். "மேடம்" என்று போட்டதைப் பார்த்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. எட்டு வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு மலையேறிப் போனவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? உன் நம்பரை பிளாக் செய்து நாலு மாதம் ஆகிறது. எடுக்கப்போவதும் இல்லை. போனில் பேசினால் மறுபடி சண்டைதான் வரும். நீ இருக்கிற இடத்தில் சிக்னலே கிடையாது என்றும் கேள்வி. தபால்காரர் இருக்கிறார், போதும்.

காரியத்துக்கு வருகிறேன். மலையிலிருந்து வந்து நம் கல்லூரியில் சேர்ந்த பழங்குடிப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பில் நிலைப்பதில்லை, ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள் என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். ஆசிரியர்கள் அவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கையேடு தயாரிக்க வேண்டுமாம். நீ பாதியில் போட்டுவிட்டுப் போன வேலை. பிரின்ஸிபால் அதை என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும்? நான் பார்த்த மலை எங்கள் தெருவிலிருந்து தெரிகிற மலைக்கோட்டை ஒன்றுதான்.

ஐந்து பேரில் இப்போது ஒருத்திதான் மிச்சம். பொன்னழகு, இரண்டாம் வருஷம் பொருளியல், ஈச்சம்பாறைக் குடியிருப்பு. பளியர் வீட்டுப் பெண், அவள் ஊரிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் பெண் என்று அட்மிஷன் அன்றைக்கு நீதான் கூத்தாடினாய். அவளுடைய அட்டெண்டன்ஸ் ஐம்பத்தெட்டு சதவீதம். எழுபத்தைந்து இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஒரு வருஷம் போய்விட்டால் அவள் திரும்பி வரமாட்டாள், உனக்கே தெரியும்.

கேமரா போட்டால்தான் அட்டெண்டன்ஸ் என்கிற விதியைப் பற்றி மறுபடி ஆரம்பிக்காதே. டவுன் பையன்கள் பெயரை மட்டும் உள்ளே விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறார்கள், அதற்காக வந்த விதி அது.

தெரிந்ததை எழுதி அனுப்பு. எனக்காக வேண்டாம், அந்தப் பெண்ணுக்காக.

நஸீரா

*

கற்றல் மையம், தாண்டிக்குடி மலைப்பாதை
18.7.2021

நஸீரா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. பிரித்துப் படித்ததும் போய்விட்டது.

சொல்லாமல் போனேன் என்கிறாய். மார்ச் மாத மீட்டிங்கை மறந்துவிட்டாயா? மலைப் பிள்ளைகளுக்கு மட்டுமாவது கேமரா விதியைத் தளர்த்துங்கள் என்று நான் எழுந்து நின்று கேட்டேன். "வேறு யாருக்காவது இந்தக் கருத்து இருக்கிறதா?" என்றார் பிரின்ஸிபால். நீ எனக்கு அடுத்த நாற்காலி. முந்தின நாள் வரைக்கும் "நானும் பேசுறேன்டி" என்று சொன்னவள், பேனா மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் அன்றைக்கே போய்விட்டேன். ராஜினாமாக் கடிதம் பிறகுதான் எழுதினேன்.

சரி, கையேடு. பொன்னழகு வீட்டில் இருப்பது ஒரே போன், அவள் அப்பா அழகருடையது. அவர் காலையில் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும்போது அதுவும் கூடப் போகும், மூன்று மணிக்குத்தான் திரும்பி வரும். அம்மா இல்லை. குடியிருப்பில் சிக்னல் இல்லை. அரை மணி நேரம் மேலே ஏறினால் ஒரு பாறை இருக்கிறது, அங்கே கிடைக்கும். டவர் பாறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கேமரா இல்லாமல் குரலை மட்டும் கேட்க அங்கே போதும். கேமராவும் போட்டால் போனில் போட்ட டேட்டா மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். பாடத்தைச் சின்னச் சின்ன ஆடியோவாகப் பதிந்து வாட்ஸப்பில் அனுப்பினால் அவள் எப்போது மேலே போனாலும் இறக்கிக்கொள்வாள். இதை நான் முப்பது தடவை சொல்லியிருக்கிறேன்.

"உன் வீட்டக் காட்டும்மா பாப்போம்" என்று வகுப்பில் கேட்க வேண்டாம். ஒரு சார் கேட்டார். தேன் எடுப்பியா, மரம் ஏறுவியா என்றும் கேட்டார், வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்த வாரமே இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அவர்கள் நின்றதற்கு நெட்வொர்க் காரணம் என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறது.

இன்னொன்று, இதைப் பெரிய எழுத்தில் போடு. இந்தப் பிள்ளைகள் ஆசிரியரை மறுத்துப் பேசமாட்டார்கள். எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்" என்பார்கள். அந்தச் சரிக்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. அவர்கள் சொல்கிற ஒரு வார்த்தை விளங்காவிட்டால் விளங்கியது மாதிரி தலையாட்டாதீர்கள், என்ன சொல்கிறாய் என்று திருப்பிக் கேளுங்கள்.

கௌசல்யா

*

பேகம்பூர், திண்டுக்கல்
26.7.2021

கௌசல்யாவுக்கு,

பேனா மூடி விஷயத்தை நீ சாகும் வரைக்கும் விடமாட்டாய் என்று தெரியும். அத்தாவின் தோல் மண்டி ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது, வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்தி. பயந்தேன். எழுதிவிட்டேன், போதுமா?

நீ சொன்னதையெல்லாம் கையேட்டில் போட்டேன். வீட்டைக் காட்டச் சொல்லக் கூடாது, கேலி கூடாது, திருப்பிக் கேட்க வேண்டும், எல்லாம் இருக்கிறது. கேமராவையும் ஆடியோவையும் பற்றிய பகுதியைப் பிரின்ஸிபால் சிவப்பு மையில் அடித்துவிட்டார். நான் நின்று வாதாடினேன், நம்பினால் நம்பு. முடியவில்லை.

ஆனால் ஒரு காரியம் சாதித்துவிட்டேன். அப்பா மூன்று மணிக்குத்தான் போனைக் கொண்டுவருவார் என்று எழுதியிருந்தாய் அல்லவா? என்னுடைய வகுப்பைக் காலையிலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டேன். ஆகஸ்ட் இரண்டாம் தேதியிலிருந்து திங்கள், புதன், வெள்ளி, நாலரையிலிருந்து ஐந்தரை. டவுன் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், விக்னேஷ்குமார் என்கிற வாயாடி "கிரிக்கெட் போச்சே மேடம்" என்று ஒப்பாரியே வைத்தான். கண்டுகொள்ளவில்லை. ஒரு மலைப் பெண்ணுக்காக ஐம்பது பேருடைய நேரத்தை மாற்றியிருக்கிறேன். இந்த மாதம் ஒரு வகுப்பும் விடாமல் வந்தால் எழுபத்தைந்தைத் தாண்டிவிடுவாள்.

ஒரு நன்றி எழுதினால் கை வலிக்காது.

நஸீரா

*

கற்றல் மையம்
1.8.2021

நஸீரா,

நன்றி. ஆனால் சாயங்காலம் வேண்டாம், உடனே மாற்று. அழகர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் காலை ஏழு மணிக்கு வை.

இது பலா பழுக்கிற காலம். டவர் பாறைக்குக் கீழே ஏழெட்டு மரம் இருக்கிறது, இந்த வருஷம் நல்ல காய்ப்பு, காற்று திரும்பினால் பழ வாசனை குடியிருப்பு வரைக்கும் வருகிறது. பொழுது சாய்கிற நேரத்தில் பெரியவர் அந்தப் பக்கம் வருவார். இந்தத் தடவை தனியாக வருகிறார், கோபத்திலும் இருக்கிறார் என்கிறார்கள். போன வாரம் ஒரு வீட்டு வேலியைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். யார் போய்க் கேட்பது? அவர் வருகிற நேரத்தில் பெண் பிள்ளைகளை அங்கே விடமாட்டார்கள். இருக்கும்போது வந்துவிட்டால் சத்தமில்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். அவரைப் பற்றிப் பேசுவதே மெதுவாகத்தான்.

இங்கே வந்த பிறகு என் பேச்சும் இவர்கள் பேச்சு மாதிரியே ஆகிவிட்டது. போன மாதம் சின்னாளப்பட்டிக்குப் போனபோது வீட்டில் எல்லாரும் கேலி செய்தார்கள்.

மழைக்கால இருமல் ஒன்று பிடித்திருக்கிறது. தள்ளிப்போடாமல் நேரத்தை மாற்று.

கௌசல்யா

*

பேகம்பூர், திண்டுக்கல்
9.8.2021

கௌசி,

யாருடி அந்தப் பெரியவர்? பலா மரங்களைக் குத்தகை எடுத்தவரா, ஊர்த் தலைவரா? நீயுமா அவருக்குப் பயந்து மெதுவாகப் பேசுகிறாய்? பிரின்ஸிபால் முன்னால் எழுந்து நின்ற கௌசல்யாவா இதை எழுதியது என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பு பாதியில் போய்க்கொண்டிருந்தபோது பொன்னழகு மெல்லக் கூப்பிட்டாள். "மேடம், பெரியவரு வந்திருக்காரு. நான் எறங்கிப் போயிரட்டுமா?" யாரோ விருந்தாளி என்று நினைத்து, போம்மா என்றேன். அரை மணி நேரம்தான் இருந்தாள் என்று கம்ப்யூட்டர் அன்றைய அட்டெண்டன்ஸைக் கொடுக்கவில்லை. மறுநாள் உன் கடிதம் வந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

எங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருந்தார். என் பெரியத்தா மைதீன் பிச்சை, அத்தாவுக்கு அண்ணன். நான் காலேஜுக்குக் கிளம்பிய முதல் நாள் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "பொட்டப்புள்ள படிச்சுக் கிழிச்சது போதும், உள்ள போ." அம்மா என் கையைப் பிடித்து அவர் நாற்காலியைச் சுற்றிக் கூட்டிப்போய் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பெரியத்தா நாலு நாள் உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாம் நாள் நாற்காலியைக் காணோம். நாம் எழுந்து ஓடுகிற வரைக்கும்தான் இவர்கள் அதட்டல் எல்லாம்.

அதனால் நேரத்தை மாற்றப்போவதில்லை. ஒரு ஆளுக்குப் பயந்து ஒரு பெண்ணின் வகுப்பை மாற்றினால், நாளைக்கு அவர் காலையிலும் வந்து நிற்பார். இன்று வகுப்பு முடிந்த பிறகு அவளை மட்டும் இருக்கச் சொல்லிப் பேசினேன்.

"பெரியவருன்னா உனக்குப் பயமா?"

"பயந்தான் மேடம்."

"அடிச்சுருவாரா?"

"அவரு வழியில நாம போகாட்டி ஒண்ணும் செய்யமாட்டாரு மேடம்."

"நீ ஒன் எடத்துல உக்காந்து படிக்கிற. அவரு வழியிலயா போற? இனிமே அவரு வந்து நின்னாலும் கேமராவ அணைக்கக் கூடாது, எந்திரிக்கக் கூடாது. ஒரு கிளாஸ் போனாலும் ஒனக்கு வருசம் போயிரும். எனக்கு வாக்குக் குடு."

பாறைக்குக் கீழே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். அப்புறம், "சரிங்க மேடம்" என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ அடிக்கடி சொல்வாயே, கூட நிற்கணும் என்று. நின்றுவிட்டேன்.

நஸீரா

*

கற்றல் மையம்
13.8.2021, வெள்ளி, மதியம் 1.40

நஸீரா,

பெரியவர் ஆள் இல்லை. யானை.

ஒற்றை ஆண் யானை. காட்டுக்குள் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள், சொன்னால் கூப்பிட்டது போல ஆகும் என்பார்கள். பெரியவர் என்றுதான் சொல்வார்கள். நானும் அதே பழக்கத்தில் எழுதிவிட்டேன். உனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவே இல்லை.

உன் கடிதம் இப்போதுதான் கையில் கிடைத்தது. பத்து நாளாகக் காய்ச்சல், வழக்கமாக ஞாயிறுதோறும் ஈச்சம்பாறைக்குப் போவேன், இந்த வாரம் போகவில்லை. நீ நேரத்தை மாற்றியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இன்றைக்கு வெள்ளி. நாலரைக்கு வகுப்பு. ஜீப் ஓட்டும் யாசின் வத்தலகுண்டுக்குக் கிளம்புகிறார், இதைத் தபாலில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். சிக்னல் கிடைக்கிற வளைவில் அவர் போனிலிருந்து உன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், எடுக்கிற வரைக்கும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். தெரியாத நம்பர் என்று விட்டுவிடாதே. நான் மேலே போகிறேன். நடந்துதான் போக வேண்டும், இந்த உடம்போடு மூன்று மணி நேரம் ஆகும்.

எடு நஸீரா.

கௌ.

*

பேகம்பூர், திண்டுக்கல்
13.8.2021, வெள்ளி, மாலை 6.30

கௌசி,

இன்றைக்கே எழுதிவிட வேண்டும் போல இருக்கிறது. நம் பொன்னழகு ஜெயித்துவிட்டாள்!

நாலரைக்குச் சரியாக வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் வானமும் ஒரு மரக்கிளையும் தெரிந்தது, காற்றில் தலைமுடி பறந்துகொண்டிருந்தது. நாலே முக்காலுக்கு மெல்ல, கிட்டத்தட்ட மூச்சிலேயே, "மேடம், பெரியவரு நிக்கிறாரு" என்றாள்.

"நிக்கட்டும்மா" என்றேன். "நீ பாடத்தக் கவனி."

விக்னேஷ்குமார் சும்மா இருப்பானா? "பெரியவரையும் கிளாஸ்ல சேத்துக்கலாம் மேடம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அதட்டி உட்கார வைத்தேன். பொன்னழகு சிரிக்கவில்லை. கேமராவையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணை இமைக்கக்கூட இல்லை. என்ன பிடிவாதம் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆண் குரல் கேட்டது. கீழேயிருந்து யாரோ கத்துகிறார்கள், எதையோ தட்டுகிற சத்தமும் கேட்டது. அந்த மனுஷன்தான் என்று புரிந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், போன் கீழே விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் வானம் மட்டும் தெரிந்தது. அப்புறம் லைன் போய்விட்டது, நாலு ஐம்பத்திரண்டு. பிடுங்கி எறிந்துவிட்டார் போல. நாளைக்கே கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப்போகிறேன், நீயும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். முழு வகுப்பு இல்லாவிட்டாலும் என் பொறுப்பில் அவளுக்கு அட்டெண்டன்ஸ் போட்டுவிட்டேன்.

வகுப்பு நடக்கும்போது ஏதோ தெரியாத நம்பரிலிருந்து ஓயாமல் அழைப்பு வந்தது. லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும். நாலைந்து தடவை வெட்டிவிட்டுக் கடைசியில் அணைத்தே வைத்துவிட்டேன்.

அவளைப் பார்த்தால் நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்.

உன் நஸீரா

*

கற்றல் மையம்
21.8.2021

நஸீரா,

நீ பதிமூன்றாம் தேதி எழுதியது பதினெட்டாம் தேதி வந்தது. அழகரை அடக்கம் செய்து நாலு நாள் ஆகியிருந்தது.

கத்தியது அவர்தான். பாறைக்குக் கீழே விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார். பலா மரத்தடியில் அது நிற்பதையும், பாறையிலிருந்து மகள் இறங்காமல் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறார். முதலில் கையைக் காட்டி வா என்றாராம். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனைக் காட்டியிருக்கிறாள். அது பாறைப் பக்கம் நகர்ந்திருக்கிறது. அவர் அரிவாளால் கல்லில் தட்டிக் கத்தினார், தன் பக்கம் திரும்பட்டும் என்று. திரும்பியது.

நான் போய்ச் சேரும்போது ஐந்தே கால். அவரைப் போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள். பொன்னழகு பாறையின் மறுபக்கம் குதித்ததில் வலது கை முறிந்திருந்தது. கட்டுப் போட்டிருக்கிறது.

"ஏம்மா எந்திரிச்சு வரல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாயில் வந்துவிட்டது.

"மேடத்துக்கு வாக்குக் குடுத்திருந்தேன்க்கா. பெரியவரு வாராருன்னு மேடத்துக்குத் தெரியும்ல. தெரிஞ்சுதான சொல்றாங்கன்னு இருந்துட்டேன்."

உன்னை நாலு பக்கம் திட்டித் தீர்க்கத்தான் உட்கார்ந்தேன். உன் ஒன்பதாம் தேதிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அதற்குப் பக்கத்தில் நான் எழுதியதை நினைத்துப் பார்த்தேன். காட்டுக்குள் நிற்கிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள், சரி. நான் காட்டுக்குள்ளா நின்றேன்? மேஜையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதினேன். நான் இவர்களில் ஒருத்தி ஆகிவிட்டேன் என்று உனக்குக் காட்டுகிற ஆசை. ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். ஆசிரியர்களுக்கு வழி சொல்லித்தரக் கிளம்பியவள் நான். என்னால் தாங்க முடியவில்லை நஸீரா.

அவளிடம் போன் இருக்கிறது. கண்ணாடி உடைந்திருக்கிறது, வேலை செய்கிறது. அப்பா கையிலிருந்த சாமான் என்று தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். நேற்று நான் கிளம்பும்போது பின்னாலேயே வந்து ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கு அட்டெண்டன்ஸ் போட்டாங்களாக்கா?"

கௌசல்யா

*

பேகம்பூர், திண்டுக்கல்
26.8.2021

கௌசி,

போட்டிருக்கிறேன் என்று சொல். எப்படிச் சொல்வாயோ தெரியாது.

மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பெரியத்தாவின் நாற்காலிக் கதையை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன். இனிமேல் யாரிடமும் சொல்லமாட்டேன்.

அந்த வகுப்பு கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது. பிரின்ஸிபால் கூப்பிட்டு, அதை அழித்துவிடுங்கள், அந்த நேரத்தில் வகுப்பே நடக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். தேன் எடுக்கப் போன இடத்தில் நடந்தது என்றுதான் மேலே எழுதப்போகிறார்களாம். நான் அழிக்கவில்லை. நேற்று ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லாருக்கும் முன்னால் போட்டுக் காட்டினேன். "நிக்கட்டும்மா" என்கிற என் குரலை நானே கேட்டேன். அதற்கப்புறம் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம். முடிந்ததும், கேமரா விதியை எடுக்க வேண்டும், வேறு யாருக்காவது இந்தக் கருத்து இருக்கிறதா என்று நான்தான் கேட்டேன். இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. உனக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

ஒன்றாம் தேதி கல்லூரி திறக்கிறார்கள். திங்கட்கிழமை நாலரைக்கு லிங்கைத் திறந்து அந்த அறிவிப்பை மட்டும் சொல்லிவிட்டு மூடிவிடுவேன். அட்டெண்டன்ஸ் குறைந்தவர்களுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் தானாகவே எச்சரிக்கை அனுப்பும், பொன்னழகுக்கும் வந்திருக்கும், அதை அவள் நம்ப வேண்டாம். திங்கட்கிழமை அவள் பாறைக்குப் போகவே கூடாது. நீ நேரில் போய்ச் சொல்லிவிடு. வாட்ஸப்பில் அனுப்பினேன், பார்த்த மாதிரி தெரியவில்லை. உன் நம்பரை விடுவித்துவிட்டேன், எப்போது கூப்பிட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது.

நஸீரா

*

உன் மையத்தின் வாசல்
30.8.2021, திங்கள், மாலை 6.50

கௌசி,

பூட்டியிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கதவடியில் என் இருபத்தாறாம் தேதிக் கடிதம் கிடக்கிறது. பிரிக்கவில்லை. துணைக்கு ஆள் கூட்டிவரப் பக்கத்து வீட்டுக்காரர் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் எழுதுகிறேன். நீ வேறு வழியாக இறங்கி வந்தால் இதைப் பார்.

நாலரைக்கு லிங்கைத் திறந்தேன். வரிசையாகப் பெயர்கள் வந்தன, பொன்னழகும் வந்தாள். பாறையில் இருந்தாள். வலது கை கட்டில் தொங்க, இடது கையில் போனைப் பிடித்திருந்தாள். கண்ணாடி விரிசலுக்குள் அவள் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. "பொன்னழகு, கீழ போம்மா, வீட்டுக்குப் போ" என்று கத்தினேன். என் குரல் அவளுக்குப் போகவில்லை. பாடம் நடத்துகிறேன் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கேமராவைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி வகுப்பை மூடுவது. மூடினால் இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். மூடினேன்.

நாலு நாற்பத்தொன்றுக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "மேடம் லைன் கட்டாயிருச்சு. நான் பாறைலதான் இருக்கேன். லிங்க் திரும்ப அனுப்புங்க. கேமராவ நான் அணைக்கல."

வகுப்பு இல்லை, உடனே வீட்டுக்குப் போ என்று பதில் போட்டேன். ஒரு டிக்தான் விழுந்தது, அவளுக்குப் போய்ச் சேரவில்லை. காரைப் பிடித்துக் கிளம்பி, செம்பட்டியிலிருந்து, வத்தலகுண்டிலிருந்து, கடைசி வளைவிலிருந்து என்று பதினொரு தடவை அனுப்பினேன். எல்லாவற்றிலும் ஒரே டிக்.

இங்கே வந்து இறங்கியதும் பக்கத்து வீட்டில் கேட்டேன். "அக்கா செத்த நேரத்துக்கு முன்னதான் ஊர்லருந்து வந்தாங்க, கதவக்கூடத் தொறக்காம மேல ஓடுறாங்க" என்றார்கள். எதற்கு என்றேன். அந்த அம்மாள் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெரியவரு வந்திருக்காராம்மா" என்றார்.

நான் திருப்பிக் கேட்கவில்லை. இந்தத் தடவை எனக்கு விளங்கிவிட்டது.

நானும் மேலே வருகிறேன்.

நஸீரா